கொலுப்படியில் அண்டை வீட்டார்

(உரைநடைப் பாடம்)

நுழையுமுன்

மாணவர்களே! உங்களுள் பலர் தந்தை அல்லது தாயின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். வீடு மாறும்போது பாத்திரங்கள் உடன் வருகின்றன; புத்தகங்கள் வருகின்றன; மிதிவண்டியும் வருகின்றது. பழகிய அண்டை வீட்டார் மட்டும் பழைய ஊரிலேயே நின்றுவிடுகின்றனர். அவர்களை மறவாதிருக்கத் தமிழ்க் குடும்பங்கள் கைக்கொண்ட வழிகளுள் ஒன்றை இப்பாடத்தில் காண்போம்.

1. கொலுவின் அமைப்பு

அரசன் தன் அவையில் வீற்றிருக்கும் காட்சியைக் 'கொலு' என்பர். அவ்வாறே தெய்வ வடிவங்களும் மனித வடிவங்களும் படிகளில் வீற்றிருப்பதால் நவராத்திரியின் பொம்மை வரிசைக்கும் கொலு என்னும் பெயர் வழங்கலாயிற்று. மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி ஒன்பது இரவுகள் இவ்விழா நிகழும். பத்தாம் நாள் விசயதசமி ஆகும்.

கொலுப்படிகள் 3, 5, 7, 9 என ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமைக்கப்படும். மரப்பெட்டிகள், நாற்காலிகள், பலகைகள் ஆகியவற்றை அடுக்கி, அவற்றின்மீது தூய வெள்ளை வேட்டியை விரித்துப் படிகள் செய்வர். கலசமும் மரப்பாச்சி இணையும் முதலில் வைக்கப்படும். மேற்படிகளில் தெய்வ வடிவங்களும், அவற்றின் கீழே அடியார்களும் பெரியோர்களும், அதற்கும் கீழே உழவர், குறவர், வணிகர் முதலிய மக்களும், விலங்குகளும் பறவைகளும் இடம்பெறும். இவ்வரிசை வீட்டுக்கு வீடு சிறிது வேறுபடும். படிகளுக்கு முன்னே தரையில் சிறுவர்கள் ஓர் ஊரையே அமைப்பர். அதில் குளம் இருக்கும்; சந்தை இருக்கும்; தொடர்வண்டியும் ஓடும். சில நாள்களுக்கு முன்பே வெந்தயத்தையோ கேழ்வரகையோ மண்ணில் விதைத்து வைத்தால், விழாத் தொடங்கும்போது அது பசும்புல் வெளியாக முளைத்து நிற்கும்.

மாலை நேரத்தில் அண்டை வீட்டாரைக் கொலுவுக்கு அழைப்பது வழக்கம். அழைக்கச் செல்லும் பொறுப்பு பெரும்பாலும் சிறுமியர்க்கே உரியது. வந்தவர்கள் பாடுவர், பொம்மைகளைப் பார்த்து வினவுவர். விடைபெறும்போது வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் ஆகியவற்றுடன் சுண்டலும் அளிக்கப்படும். அண்டை வீட்டார் வராத கொலுவில் பொம்மைகள் இருக்கும், விழா இராது.

2. பொம்மைகள் பிறக்கும் ஊர்கள்

பொம்மைக்குப் பழந்தமிழில் 'பாவை' என்று பெயர். கண்ணின் கருமணிக்கும் பாவை என்னும் பெயர் உண்டு. திருக்குறளில் 'மரப்பாவை' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது.

தமிழ்நாட்டில் பண்ணுருட்டி, காஞ்சிபுரம், மதுரைக்கு அருகிலுள்ள விளாச்சேரி முதலிய ஊர்களில் கொலுப் பொம்மைகள் செய்யப்படுகின்றன. மண்பொம்மை செய்வோர் களிமண்ணைப் பதமாகப் பிசைந்து, முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு அச்சுகளில் அழுத்துவர். பின்னர் இரண்டு பாதிகளையும் இணைத்து, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுவர். அதன்மேல் வெள்ளைப் பூச்சுப் பூசி, உலர்ந்தபின் வண்ணம் தீட்டுவர். கண் எழுதுவது இறுதி வேலை. காகிதக் கூழ்ப் பொம்மைக்குச் சூளை வேண்டுவதில்லை. வெயிலில் காய வைத்தாலே போதும். அது எடை குறைந்தது, எளிதில் உடையாதது. எனவே, தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செல்வோர் காகிதக் கூழ்ப் பொம்மைகளையே விரும்பி வாங்குவர்.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையின் அடிப்பகுதி வளைவாகவும் எடை மிகுந்தும் இருக்கும். அதன் எடை அடியில் குவிந்திருப்பதால் எப்பக்கம் சாய்த்தாலும் அது மீண்டும் நிமிர்ந்து நிற்கும். மரப்பாச்சி செம்மரத்தில் கடையப்படுவது. மணமகளுக்குப் பிறந்த வீட்டார் மரப்பாச்சி இணையைக் கொடுத்தனுப்புவது பல குடும்பங்களில் வழக்கமாக உள்ளது.

பொம்மைக்குப் பெயர்பெற்ற ஊர்கள் பிற மாநிலங்களிலும் உள்ளன. கருநாடகத்தின் சென்னபட்டணத்தில் மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றுகின்றனர். ஆந்திரத்தின் கொண்டபள்ளியில் எடை குறைந்த மென்மரத்தில் பொம்மைகளைச் செதுக்குகின்றனர். மேற்கு வங்காளத்தின் கிருஷ்ணாநகர்க் களிமண் பொம்மைகள், உழைக்கும் மக்களை உயிர்ப்புடன் காட்டுபவை. பணிமாற்றத்தில் ஊர் ஊராகச் செல்லும் தமிழ்க் குடும்பங்களின் கொலுவில் இவ்வூர்ப் பொம்மைகளும் வந்து சேர்கின்றன.

3. ஒரு வீட்டுக் கொலு

நடுவண் அரசுப் பணியில் உள்ள ஒருவரின் குடும்பம் இப்போது புணே நகரில் வாழ்கின்றது. அவர்தம் சொந்த ஊர் பண்ணுருட்டிக்கு அருகில் உள்ளது. அவ்வீட்டுக் கொலுவில் ஐந்து படிகள். பொம்மைகள் ஆண்டு முழுவதும் ஒரு தகரப்பெட்டியில் உறங்கும். ஒவ்வொன்றும் பழைய வேட்டித் துண்டிலோ செய்தித்தாளிலோ சுற்றப்பட்டிருக்கும்.

பெட்டியைத் திறக்கும் நாளில் அவ்வீட்டுப் பாட்டி ஒரு முறையைக் கடைப்பிடித்து வந்தார். பொம்மையின்மேல் சுற்றிய துணியை அவிழ்த்ததும், அது யார் கொடுத்தது என்பதை உரக்கச் சொல்வார். சொன்ன பிறகே அதைப் படியில் வைப்பார். அருகில் அமர்ந்திருக்கும் பேத்தி அப்பெயரைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

முதலில் வெளிவருவது மரப்பாச்சி இணை. அவற்றுள் பெண் மரப்பாச்சியின் ஒரு கால் சற்றுத் தேய்ந்திருக்கும். அதற்கொரு காரணம் உண்டு. முன்னொரு காலத்தில் அடுத்த வீட்டுத் தையற்காரரின் மகனுக்குக் கணுக்கால் வீங்கியது. செம்மரத்தை உரைத்து வீக்கத்தின்மேல் பற்றுப் போடுவது அந்நாளைய வழக்கம். பாட்டியின் மாமியார் சற்றும் தயங்காமல் தம் மரப்பாச்சியின் காலையே சந்தனக் கல்லில் உரைத்துக் கொடுத்தனுப்பினார். மறு ஆண்டு நவராத்திரிக்கு அத்தையற்காரர் ஒரு சிறிய பச்சைப் பட்டுப் பாவாடையுடன் வந்தார். மரப்பாச்சிக்கு அளவெடுத்தாற்போல் அது பொருந்தியது. அவர் இருந்த நாள்வரை ஒவ்வோர் ஆண்டும் புதிய பாவாடை வந்தது. நோன்பு மாதத்தில் அவர் வீட்டு நோன்புக் கஞ்சி இவர்கள் வீட்டுக்கு வரும். கொலுச் சுண்டல் இவர்கள் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்குச் செல்லும். அவர் தைத்த இறுதிப் பாவாடையே இன்றும் மரப்பாச்சியின் இடுப்பில் உள்ளது. பச்சை நிறம் வெளுத்துவிட்டது. தேய்ந்த கால் ஆடாமல் இருக்கத் தாளை நான்காக மடித்து அடியில் வைப்பது பேத்தியின் வேலை.

இரண்டாவது, அரக்கு வண்ணம் பூசிய சென்னபட்டணத்து மரப்பொம்மை. மைசூரில் வாழ்ந்தபோது மாடி வீட்டுக் கன்னட அம்மையார் அளித்தது. அங்கும் நவராத்திரியில் பொம்மை வைக்கும் வழக்கம் உண்டு. இவர்கள் மாற்றலாகிப் புறப்பட்ட நாளில் அவர் கடைக்குச் சென்று புதிய பொம்மை வாங்கவில்லை. தம் வீட்டுப் படியிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இந்த இடம் எங்கள் வீட்டில் வெறுமையாக இருக்கட்டும். அப்போதுதான் உங்களை நினைப்பேன்" என்று சொன்னாராம்.

மூன்றாவது, கிருஷ்ணாநகரின் மீனவர் பொம்மை. கொல்கத்தாவில் எதிர்வீட்டில் இருந்த 'மாசிமா' தந்தது. வங்காளத்தில் தாயின் உடன்பிறந்தாளை அவ்வாறு அழைப்பர். அன்பு காரணமாக வயதில் மூத்த பிற பெண்களையும் அழைப்பர். பேத்தியின் தம்பி பிறந்தபோது தாய் மருத்துவமனையில் இருந்தார்; பாட்டி ஊரிலிருந்து வந்து சேர நான்கு நாள்கள் ஆயின. அந்நான்கு நாள்களும் சிறுமிக்கு உணவூட்டித் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர் மாசிமாவே. மீனவர் கையில் இருந்த வலை, சுமையுந்துப் பயணத்தில் முறிந்துவிட்டது. தந்தை அதைப் பசையிட்டு ஒட்டினார். ஒட்டிய தடம் இன்றும் தெரியும்.

நான்காவது, விரல் நீளமே உள்ள ஒரு மண் வீரன். மராட்டிய மாநிலத்தில் தீபாவளியின்போது சிறுவர்கள் வீட்டு முற்றத்தில் மண்ணாலும் கல்லாலும் கோட்டை கட்டுவர். அதனைக் 'கில்லா' என்பர். கோட்டையின் உச்சியில் சிவாசியின் உருவமும், சுற்றிலும் படைவீரர்களின் உருவங்களும் இடம்பெறும். கீழ்வீட்டு மராட்டியச் சிறுவன் கட்டிய கோட்டைக்கு இச்சிறுமி மண் சுமந்து கொடுத்தாள். தீபாவளி முடிந்து கோட்டையைக் கலைத்தபோது அவன் ஒரு வீரனை அவளிடம் கொடுத்தான். அடுத்த நவராத்திரியில் அவ்வீரன் கொலுவின் முன்னே, வெந்தயப் புல்வெளிக்குக் காவலாக நின்றான். அதைக் காண வந்த சிறுவன் சுண்டலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டான்.

4. பெயர் தெரியாத பொம்மை

சென்ற ஆண்டு பாட்டி மறைந்தார். துக்கம் நிகழ்ந்த ஆண்டில் அவ்வீட்டில் கொலு வைக்கவில்லை. இவ்வாண்டு பெட்டியைத் திறந்தபோது பெயர்களைச் சொல்லும் பொறுப்பு பேத்தியிடம் வந்தது. தையற்காரத் தாத்தா, மைசூர் அம்மா, மாசிமா, கீழ்வீட்டுச் சிறுவன் என அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெட்டியின் அடியில், பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஒரு பொம்மை இருந்தது. இடுப்பில் குடம் ஏந்திய பெண்ணின் உருவம் அது. காது உடைந்திருந்ததால் பாட்டி அதைப் பல ஆண்டுகளாகப் படியில் வைக்கவில்லை. எனவே, அதன் கதையைப் பேத்தி கேட்டதும் இல்லை. தந்தைக்கும் தெரியவில்லை.

தெரிந்திருக்கக்கூடியவர் ஒருவரே. அவர் ஊரில் வாழும் சின்னப்பாட்டி, பாட்டியின் தங்கை. அவருக்குத் தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. சிறுமியோ பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசுபவள். தொலைபேசியில் தமிழில் நெடுநேரம் பேச அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "நீங்களே கேளுங்கள், அப்பா" என்றாள். "பொம்மை உன் கையில்தானே இருக்கிறது? நீயே கேள்" என்றார் தந்தை.

சிறுமி தயங்கித் தயங்கிப் பொம்மையை விவரித்தாள். 'இடுப்பு' என்னும் சொல் உடனே நினைவுக்கு வரவில்லை. சின்னப்பாட்டி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "குடத்தின்மேல் நீலக் கோடு இருக்கிறதா, கண்ணு?" என்று வினவினார். இருந்தது. "அது கிணற்று வீட்டு அக்கா கொடுத்தது. ஒரு கோடையில் நம் வீட்டுக் கிணறு வற்றிப்போயிற்று. இரண்டு மாதமும் அவர்கள் வீட்டுக் கிணற்றில்தான் நானும் உன் பாட்டியும் தண்ணீர் எடுத்தோம். அவ்வாண்டுக் கொலுவுக்கு அந்த அக்கா இதை வாங்கி வந்தார். 'குடம் தூக்கியே இந்தப் பிள்ளைகள் இளைத்துவிட்டார்கள்' என்று சொல்லிச் சிரித்தார்" என்றார் சின்னப்பாட்டி.

"அவர் பெயர் என்ன, பாட்டி?"

சற்று நேரம் மறுமுனையில் ஓசை இல்லை. "நாங்கள் அக்கா என்றே அழைத்தோம். பெயர் நினைவில் இல்லையே, கண்ணு" என்றார்.

சிறுமி ஒரு துண்டுத்தாளில் 'கிணற்று வீட்டு அக்கா; எங்கள் கிணறு வற்றிய கோடையில் தண்ணீர் தந்தவர்' என்று தமிழில் எழுதிப் பொம்மையின் அடியில் ஒட்டினாள். உடைந்த காது தெரியாதவாறு சற்றுத் திருப்பி, மூன்றாம் படியில் வைத்தாள். இன்னும் சில ஆண்டுகள் கழிந்திருந்தால் அப்பெண்ணைப் பற்றிச் சொல்ல ஒருவரும் இருந்திருக்கமாட்டார்.

5. நாம் செய்ய வேண்டுவது

பண்டிகைக்குரிய பொருள்கள் எல்லாச் சமயத்தார் வீடுகளிலும் உள்ளன. கிறித்துமசு நாள்களில் தமிழ்க் கிறித்தவர் இல்லங்களில் குடில் அமைப்பர். வைக்கோல் கூரையின்கீழ்க் குழந்தை இயேசு, மரியாள், சூசை, இடையர்கள், ஆடுகள், மூன்று ஞானியர் ஆகியோரின் உருவங்கள் இருக்கும். அக்குடிலின் ஓர் ஆட்டுக்குட்டி தாத்தா வாங்கியதாக இருக்கலாம். வாசலில் தொங்கும் விண்மீன் விளக்கு அடுத்த வீட்டார் கட்டிக் கொடுத்ததாக இருக்கலாம். பீகாரிலும் சார்க்கண்டிலும் தீபாவளியின்போது சிறுமியர் மண்ணால் சிறு வீடுகள் செய்து அலங்கரிப்பர். உங்கள் வகுப்புத் தோழர்களைக் கேட்டால் இன்னும் பல செய்திகளை அறிவீர்கள்.

பொம்மை தன் கதையைத் தானே சொல்லாது. அறிந்தவர் சொல்ல வேண்டும். கேட்பவர் எழுதி வைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியோர் பெரும்பாலும் தமிழிலேயே அக்கதைகளை நினைவில் வைத்துள்ளனர். ஆகவே, அவர்களிடம் தமிழில் கேளுங்கள். சொல் தடுமாறினாலும் கவலையில்லை; அவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். இப்போது வாழும் ஊரில் உங்களுக்கு உதவிய அண்டை வீட்டாருக்கும் உங்கள் கொலுவிலோ குடிலிலோ ஓர் இடம் அளியுங்கள். நாளை நீங்கள் வேறு ஊருக்குச் செல்ல நேரலாம்.

சொல்லும் பொருளும்

அண்டை வீட்டார் – பக்கத்து வீடுகளில் வாழ்வோர்
வீற்றிருத்தல் – பெருமிதத்துடன் அமர்ந்திருத்தல்
வினவுதல் – கேட்டல்
பதம் – தக்க நிலை
சூளை – மண்பொருள்களைச் சுடும் உலை
உரைத்தல் – கல்லில் தேய்த்தல்; சொல்லுதல் என்னும் பொருளும் உண்டு
பற்று – வீக்கத்தின்மேல் பூசும் மருந்துக் குழம்பு
சுமையுந்து – லாரி
தடம் – அடையாளம்

மொழி அறிவோம்

மரம் + பொம்மை = மரப்பொம்மை; தகரம் + பெட்டி = தகரப்பெட்டி. இச்சொற்களில் முதற்சொல்லின் இறுதியில் உள்ள 'ம்' கெட்டு, வல்லினம் மிகுந்தது. கொலு + படி = கொலுப்படி என்பதில் எதுவும் கெடாமல் வல்லினம் மட்டும் மிகுந்தது. மண் + பொம்மை = மண்பொம்மை என்பதில் வல்லினம் மிகவில்லை.

சேர்த்து எழுதுக.
1. பட்டு + பாவாடை
2. பழம் + கடை
3. மண் + குடம்
4. மரம் + பெட்டி

மதிப்பீடு

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பொம்மையைப் பழந்தமிழில் ________ என்பர்.
2. மரப்பாச்சி ________ மரத்தில் கடையப்படும்.
3. மராட்டியச் சிறுவர்கள் தீபாவளியின்போது கட்டும் கோட்டையின் பெயர் ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. நவராத்திரிப் பொம்மை வரிசைக்குக் 'கொலு' என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. தலையாட்டிப் பொம்மை மீண்டும் நிமிர்ந்து நிற்பது ஏன்?
3. தொலைவில் வாழ்வோர் காகிதக் கூழ்ப் பொம்மைகளை விரும்புவது ஏன்?
4. மைசூர் அம்மையார் தம் கொலுப்படியிலிருந்தே பொம்மையை எடுத்துக் கொடுத்ததன் காரணம் யாது?

இ. விரிவாக விடை எழுதுக.
1. மரப்பாச்சியின் தேய்ந்த காலும் பச்சைப் பாவாடையும் இரு குடும்பங்களின் உறவை எவ்வாறு காட்டுகின்றன?
2. "நீயே கேள்" என்று தந்தை கூறியதை நீங்கள் ஏற்கின்றீர்களா? காரணம் தருக.

ஈ. செயல்பாடு

உங்கள் வீட்டிலுள்ள பண்டிகைப் பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது பொம்மை, விளக்கு, விண்மீன், தோரணம் என எதுவாகவும் இருக்கலாம். ஊரிலுள்ள பெரியவர் ஒருவருடன் தொலைபேசியில் தமிழில் பேசி, கீழ்க்காணும் செய்திகளைத் திரட்டிக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

1. பொருளின் பெயரும் அது செய்யப்பட்ட விதமும்
2. கொடுத்தவர், அவரை வீட்டார் அழைக்கும் முறை
3. அவர் வாழ்ந்த தெருவும் ஊரும்
4. அவர் செய்த ஓர் உதவி
5. பொருளில் உள்ள கீறல், உடைவு முதலியவை. அவை நேர்ந்த விதம்

எழுதிய குறிப்பை வகுப்பில் படித்துக் காட்டுங்கள். பின்னர் அப்பெரியவருக்கும் தொலைபேசியில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். விடுபட்டவற்றை அவர் சொல்லக்கூடும்.